நூற்றுக்கு நூறு சோதித்த பிறகும் பிழை ஏன்?

2008-ஆம் ஆண்டின் கடைசி நாள். பாட்டுக் கேட்பதற்காக மக்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த ஒரு சிறு கருவி, திடீரென்று செயலற்றுப் போயிற்று. அதன் பெயர் 'ஸூன்'. அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2006 நவம்பரில் விற்பனைக்குக் கொண்டுவந்த கருவி அது. ஒன்றிரண்டு கருவிகள் கெட்டுப்போயிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். இங்கேயோ, அதன் 30 கிகாபைட் வகைக் கருவிகள் ஒரே நாளில், ஒன்றுபோலவே நின்றுவிட்டன. பொத்தானை அழுத்தினால் தொடக்கப் படம் தோன்றும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது.

இதற்கு நிறுவனம் சொன்ன பரிகாரம் இன்னும் வியப்பானது. "பேட்டரி முழுவதும் தீரும்வரை விட்டுவிடுங்கள். 2009 ஜனவரி 1 அன்று, கிரீன்விச் நேரப்படி நண்பகல் கழிந்த பிறகு மின்னேற்றி இயக்குங்கள். தானே சரியாகிவிடும்" என்பதே அதன் சாரம். அப்படியே சரியாகியும் விட்டது!

தேதியோடு வந்து தேதியோடு போன இந்த நோய்க்குக் காரணம் என்ன? கருவியின் கடிகாரத்தைக் கவனித்துக்கொள்ளும் நிரலில் இருந்த சில வரிகளே காரணம். அந்த வரிகளை வைத்துக்கொண்டு, ஒரு முக்கியமான கேள்விக்கு விடை காணலாம்: ஒரு நிரலைச் சோதித்துவிட்டோம் என்று எப்போது சொல்லலாம்? அதை அளக்க ஏதாவது அளவுகோல் உண்டா?

நாட்களை எண்ணும் நிரல்

கணிப்பொறி செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாக எழுதிய ஆணைத் தொடரே நிரல், அதாவது புரோகிராம். ஸூன் கருவியின் நிரல் பகுதிக்குக் கிடைப்பது நாட்களின் எண்ணிக்கை மட்டுமே. 1980 ஜனவரி 1 முதல் நாள். ஜனவரி 2 இரண்டாம் நாள். இப்படியே எண்ணிக்கை வளர்ந்துகொண்டு போகும். இந்த எண்ணிலிருந்து இன்று எந்த ஆண்டு, அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

வழி எளிதானது. ஒவ்வோர் ஆண்டுக்கும் உரிய நாட்களைக் கழித்துக்கொண்டே வந்தால் போதும். சாதாரண ஆண்டுக்கு 365. லீப் ஆண்டுக்கு 366. அந்தப் பகுதியின் ஆணைகளைத் தமிழில் எழுதினால் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

1. ஆண்டு 1980 என்று வைத்துக்கொள்.
2. நாள் 365-ஐ விட அதிகமா? ஆம் எனில் ஆணை 3-க்குப் போ. இல்லை எனில் ஆணை 9-க்குப் போ.
3. இது லீப் ஆண்டா? ஆம் எனில் ஆணை 4-க்குப் போ. இல்லை எனில் ஆணை 7-க்குப் போ.
4. நாள் 366-ஐ விட அதிகமா? ஆம் எனில் ஆணை 5-க்குப் போ. இல்லை எனில் ஆணை 2-க்குத் திரும்பு.
5. நாளிலிருந்து 366-ஐக் கழி.
6. ஆண்டுடன் 1-ஐக் கூட்டு. ஆணை 2-க்குத் திரும்பு.
7. நாளிலிருந்து 365-ஐக் கழி.
8. ஆண்டுடன் 1-ஐக் கூட்டு. ஆணை 2-க்குத் திரும்பு.
9. ஆண்டையும் மீதி நாளையும் விடையாகக் கொடு.

பிழை எங்கே இருக்கிறது என்று இப்போதே தேட வேண்டாம். முதலில் ஒரு சோதனையாளரைப்போல இதைச் சோதிப்போம்.

காவல்காரரின் கடிகாரம்

பெரிய தொழிற்சாலைகளில் இரவுக் காவல்காரர்கள் ஒருவகைக் கடிகாரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு சுற்றுவது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. தொழிற்சாலையின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சாவி சங்கிலியில் தொங்கும். அங்கே போனதும் அந்தச் சாவியைக் கடிகாரத்தில் நுழைத்துத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் தாளில் அடையாளமும் நேரமும் பதிந்துவிடும். காலையில் தாளைப் பார்த்தால், காவல்காரர் எந்தெந்த மூலைக்குப் போனார், எதற்குப் போகவில்லை என்பது தெரிந்துவிடும்.

நிரலைச் சோதிப்பவர்களும் இதே முறையைப் பின்பற்றுகிறார்கள். நிரலின் ஒவ்வோர் ஆணைக்கும் பக்கத்தில் ஓர் எண்ணியை வைக்கிறார்கள். அந்த ஆணை இயங்கும்போதெல்லாம் எண்ணியில் ஒன்று கூடும். இந்த எண்ணிகளைக் கையால் வைக்க வேண்டியதில்லை. அதற்கென்றே கருவி நிரல்கள் உண்டு. சோதனைகளை எல்லாம் நடத்தி முடித்தபின், எந்த எண்ணி சுழியிலேயே நிற்கிறதோ, அந்த ஆணையைச் சோதனை தொடவே இல்லை என்று பொருள்.

இப்படிச் சோதனை தொட்ட பகுதி மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்லும் அளவுக்குக் 'கவரேஜ்' என்று பெயர். 200 ஆணைகள் கொண்ட ஒரு நிரலில் சோதனைகளின்போது 150 ஆணைகள் இயங்கின என்றால், கவரேஜ் 75 சதவீதம். இது புதிய எண்ணமன்று. நிரலின் எந்தப் பகுதிகளைச் சோதனை எட்டியது என்று முறையாகக் கணக்கிடும் வழியை, மில்லர், மலோனி என்ற இருவர் 1963-ஆம் ஆண்டிலேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கியுள்ளனர்.

இனி நம் நிரலைச் சோதிப்போம்.

ஒன்பதுக்கு ஒன்பது!

முதல் சோதனையாக 200 என்ற எண்ணைக் கொடுப்போம். ஆணை 1 இயங்குகிறது. ஆணை 2-இல், 200 என்பது 365-ஐ விட அதிகமில்லை. ஆகவே நேராக ஆணை 9. விடை: 1980-ஆம் ஆண்டின் 200-ஆவது நாள், அதாவது ஜூலை 18. விடை சரிதான். ஆனால் ஒன்பது ஆணைகளில் மூன்றுதான் இயங்கின. கவரேஜ் 33 சதவீதம்.

அடுத்து 400-ஐக் கொடுப்போம். 1980 லீப் ஆண்டு. 400 என்பது 366-ஐ விட அதிகம். 366-ஐக் கழித்தால் மீதி 34. ஆண்டு 1981. விடை: 1981-இன் 34-ஆவது நாள், பிப்ரவரி 3. இதுவும் சரி. இப்போது ஏழு ஆணைகள் இயங்கிவிட்டன. கவரேஜ் 78 சதவீதம். ஆணைகள் 7, 8 மட்டும் பாக்கி.

மூன்றாவதாக 1000. முதலில் 1980-க்கு 366 போக மீதி 634. 1981 லீப் ஆண்டன்று. 365 போக மீதி 269. விடை: 1982-இன் 269-ஆவது நாள், செப்டம்பர் 26. மீண்டும் சரி. இம்முறை ஒன்பது ஆணைகளும் இயங்கிவிட்டன!

இப்படி ஆணைகளை மட்டும் எண்ணுவதற்கு 'ஆணைக் கவரேஜ்' என்று பெயர். நம் சோதனையில் அது 100 சதவீதம். மூன்று விடைகளும் சரியானவை. தொடாத வரி ஒன்றுகூட இல்லை. "சோதனை முடிந்தது, விற்பனைக்கு அனுப்பலாம்" என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா?

ஆனால் பிழை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. உலகெங்கும் கருவிகளை நிறுத்திய அதே பிழை!

ஆறில் ஐந்து

ஆணைகளை எண்ணுவதற்குப் பதிலாக, நிரல் பிரியும் இடங்களை எண்ணிப் பார்ப்போம். ஆணைகள் 2, 3, 4 ஆகிய மூன்றும் கேள்விகள். ஒவ்வொன்றும் ஆம், இல்லை என்று இரண்டு கிளைகளாகப் பிரிகிறது. மொத்தம் ஆறு கிளைகள். நம் மூன்று சோதனைகளும் எந்தெந்தக் கிளைகளில் சென்றன?

ஆணை 2: ஆம், இல்லை ஆகிய இரண்டிலும் சென்றோம்.
ஆணை 3: லீப் ஆண்டு (1980), லீப் அல்லாத ஆண்டு (1981) ஆகிய இரண்டிலும் சென்றோம்.
ஆணை 4: 'ஆம்' என்ற கிளையில் மட்டுமே சென்றோம்.

ஆக, ஆறில் ஐந்து. 'கிளைக் கவரேஜ்' என்னும் இந்த அளவின்படி நம் சோதனை 83 சதவீதமே. 100 என்று மகிழ்ந்த இடத்தில் ஒரு குறை வெளிப்பட்டுவிட்டது.

அந்த ஆறாவது கிளை ஏன் முதல் அளவில் தெரியவில்லை? அங்கே ஆணை எதுவுமே இல்லை! 'இல்லை எனில் திரும்பிப் போ' என்பதோடு சரி. கணிப்பொறி மொழியில் அந்தத் திரும்புதலைத் தனியாக எழுதுவதுகூட இல்லை. ஆணை இல்லாத இடத்தில் எண்ணி இல்லை. எண்ணி இல்லாத இடத்திற்கு நாம் போகவில்லை என்பதை யார் காட்டிக்கொடுப்பார்கள்?

சரி, அந்தக் கிளையிலும் போய்ப் பார்த்துவிடுவோம். அதற்கு எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும்? ஆணை 4-ஐ எட்டுவதற்கு நாள் 365-ஐ விட அதிகமாக இருக்க வேண்டும். 'இல்லை' என்ற கிளையில் போவதற்கு 366-ஐ விட அதிகமாக இருக்கக் கூடாது. இரண்டுக்கும் பொருந்தும் எண் ஒன்றே ஒன்றுதான்: 366. அதாவது லீப் ஆண்டின் கடைசி நாள்.

366-ஐக் கொடுங்கள். ஆணை 2: 366 என்பது 365-ஐ விட அதிகம், ஆம். ஆணை 3: 1980 லீப் ஆண்டு, ஆம். ஆணை 4: 366 என்பது 366-ஐ விட அதிகமா? இல்லை. ஆகவே எதையும் கழிக்காமல் ஆணை 2-க்குத் திரும்பு. அங்கே மீண்டும் 366 என்பது 365-ஐ விட அதிகம். மீண்டும் ஆணை 3. மீண்டும் ஆணை 4. மீண்டும் ஆணை 2...

செக்கு மாடு சுற்றுவதைப்போல நிரல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். விடை வரவே வராது. 2008 டிசம்பர் 31 அன்று நடந்தது இதுதான். 1980 ஜனவரி 1-ஐ முதல் நாளாகக் கொண்டால் அது 10,593-ஆவது நாள். 1980 முதல் 2007 வரை உள்ள 28 ஆண்டுகளுக்குரிய 10,227 நாட்களைக் கழித்துவிட்டால், மீதி சரியாக 366! 2006-இல் விற்பனைக்கு வந்த கருவி சந்தித்த முதல் லீப் ஆண்டு 2008. எனவே இரண்டு ஆண்டுகள் பிழை ஓசையின்றி உறங்கியிருந்தது. மறுநாள் எண்ணிக்கை ஒன்று கூடியதும் மீதி 367 ஆயிற்று. நிரல் தடையின்றி ஓடியது. பேட்டரி தீரும்வரை காத்திருக்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

திருத்தமும் எளிதே. ஆணை 4-இல் 'இல்லை எனில் ஆணை 9-க்குப் போ' என்று மாற்றினால் போதும்.

கேள்விக்குள் கேள்விகள்

கிளைகளையும் எண்ணிவிட்டால் எல்லாம் முடிந்ததா? ஆணை 3-ஐ மீண்டும் பாருங்கள். 'இது லீப் ஆண்டா?' என்று ஒரே கேள்வியாக எழுதிவிட்டோம். உண்மையில் அதற்குள் மூன்று நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. 1582-இல் ஏற்பட்ட கிரிகோரியன் நாட்காட்டியின்படி, ஓர் ஆண்டு லீப் ஆண்டாக இருக்க வேண்டுமானால், அது 4-ஆல் வகுபட வேண்டும். 100-ஆல் வகுபடக் கூடாது. ஆனால் 400-ஆல் வகுபட்டால் அது லீப் ஆண்டே.

2007, 2008 என்ற இரண்டு ஆண்டுகளைக் கொடுத்துச் சோதித்தால், 'இல்லை', 'ஆம்' என்ற இரண்டு கிளைகளும் தொடப்பட்டுவிடும். கிளைக் கவரேஜ் 100 சதவீதம். ஆனால் 100, 400 என்ற எண்களைப் பற்றிய நிபந்தனைகளைத் தவறாக எழுதியிருந்தால்? இந்தச் சோதனை அதைக் கண்டுபிடிக்காமலே போகலாம்.

ஆகவே இன்னும் கடுமையான ஓர் அளவு வகுக்கப்பட்டது. ஒவ்வொரு நிபந்தனையும் தனித்தனியே முடிவை மாற்ற வல்லது என்று காட்ட வேண்டும். மற்ற நிபந்தனைகள் மாறாமல் இருக்க, இது ஒன்று மட்டும் மாறும்போது விடை மாற வேண்டும். இதற்கு ஆங்கில முதலெழுத்துகளால் எம்.சி.டி.சி. என்று பெயர். பௌதிக ஆய்வுக்கூடத்தில் நீங்கள் செய்வதும் இதுதானே? வெப்பநிலையை மாறாமல் வைத்துக்கொண்டு, அழுத்தத்தை மட்டும் மாற்றி, பருமன் எப்படி மாறுகிறது என்று பார்க்கிறீர்கள் அல்லவா?

லீப் ஆண்டு விதிக்கு நான்கு ஆண்டுகள் போதும்: 2007, 2008, 1900, 2000.

2007-ஐயும் 2008-ஐயும் ஒப்பிடுங்கள். இரண்டுமே 100-ஆல் வகுபடாதவை, 400-ஆல் வகுபடாதவை. 4-ஆல் வகுபடுவதில் மட்டுமே வேறுபாடு. விடையும் மாறுகிறது.

2008-ஐயும் 1900-ஐயும் ஒப்பிடுங்கள். இரண்டும் 4-ஆல் வகுபடும், 400-ஆல் வகுபடா. 100-ஆல் வகுபடுவதில் மட்டும் வேறுபாடு. 2008 லீப் ஆண்டு, 1900 அன்று.

1900-ஐயும் 2000-ஐயும் ஒப்பிடுங்கள். இரண்டும் 4-ஆலும் 100-ஆலும் வகுபடும். 400-ஆல் வகுபடுவதில் மட்டும் வேறுபாடு. 1900 லீப் ஆண்டன்று. 2000 லீப் ஆண்டு.

மூன்று நிபந்தனைகளுக்கு நான்கே சோதனைகள். ஆம், இல்லை என்ற எல்லாச் சேர்க்கைகளையும் சோதிப்பதானால், மூன்று நிபந்தனைகளுக்கு 8 சேர்க்கைகள்; பத்து நிபந்தனைகளுக்கு 1,024 சேர்க்கைகள். எம்.சி.டி.சி. முறையிலோ பத்து நிபந்தனைகளுக்குப் பெரும்பாலும் 11 சோதனைகள் போதும்.

உயிர்கள் அடங்கிய நிரல்கள்

பாட்டுக் கருவி ஒரு நாள் நின்றால் பாட்டு இல்லை, அவ்வளவுதான். பயணிகள் விமானத்தின் நிரல் வானத்தில் நின்றால்? ஆகவேதான் விமான நிரல்களைச் சோதிப்பதற்கென்று கடுமையான விதிகள் இருக்கின்றன. 1992-இல் வெளியான டி.ஓ.178-பி என்ற விதித்தொகுப்பும், 2011-இல் உருவாகி அதன் இடத்தைப் பிடித்த டி.ஓ.178-சி என்ற தொகுப்பும் இத்துறையில் புகழ்பெற்றவை.

இவை விமான நிரல்களை, பழுதானால் என்ன விளையும் என்பதைப் பொறுத்து, ஏ முதல் இ வரை ஐந்து நிலைகளாகப் பிரிக்கின்றன. பழுதானால் விமானமே அழியக்கூடும் என்ற நிரல்கள் ஏ நிலை. அவற்றுக்கு எம்.சி.டி.சி. அளவு முழுமையாக இருக்க வேண்டும். அடுத்த நிலையான பி-க்குக் கிளைகள் முழுவதும் தொடப்பட வேண்டும். சி நிலைக்கு ஆணைக் கவரேஜ் போதும். கீழ் நிலைகளுக்கு இத்தகைய கவரேஜ் கேட்கப்படுவதில்லை. ஆபத்து ஏற ஏற அளவுகோலும் கடுமையாகிறது.

இவ்விதிகளில் நாம் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. கவரேஜைக் கூட்டுவதற்காகச் சோதனைகளை எழுதக் கூடாது. நிரல் என்ன செய்ய வேண்டும் என்று வகுத்திருக்கிறார்களோ, அந்தத் தேவைகளிலிருந்தே சோதனைகளை எழுத வேண்டும். அவற்றை நடத்திய பிறகுதான் கவரேஜை அளக்க வேண்டும். ஏதேனும் ஓர் ஆணை தொடப்படாமல் நின்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும். ஒரு சோதனை விட்டுப்போயிருக்கலாம். ஒரு தேவையை எழுத மறந்திருக்கலாம். அல்லது அந்த ஆணையே வேண்டாத ஒன்றாக இருக்கலாம். தொடாத இடம் ஒவ்வொன்றும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. கவரேஜின் உண்மையான பயன் அந்தக் கேள்விகளே.

எல்லா வழிகளிலும் போய்ப் பார்த்தால்?

கிளைகளை மட்டும் தொடாமல், நிரலுக்குள் போகக்கூடிய எல்லா வழிகளிலும் போய்ப் பார்த்துவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நிரலில் ஒன்றன்பின் ஒன்றாக 20 'ஆம்-இல்லை' கேள்விகள் இருப்பதாகக் கொள்வோம். வழிகளின் எண்ணிக்கை இரண்டின் இருபதாம் அடுக்கு, அதாவது 10,48,576. ஒரு வழிக்கு ஒரு விநாடி என்றால், எல்லாவற்றையும் முடிக்கப் 12 நாட்களுக்குமேல் ஆகும். 40 கேள்விகள் இருந்தால்? 34,000 ஆண்டுகளுக்குமேல் ஆகும்! திரும்பத் திரும்பச் சுற்றும் ஆணைகள் இருந்தாலோ கணக்கு இன்னும் பெருகும். ஆகவே எல்லா வழிகளையும் சோதிப்பது நடைமுறையில் இயலாது. ஆணை, கிளை, எம்.சி.டி.சி. ஆகிய அளவுகள் எல்லாம் இயலாத அந்த முழுமைக்கும், ஒன்றுமே சோதிக்காத நிலைக்கும் இடையில் நாம் கட்டிக்கொண்ட படிக்கட்டுகளே.

கவரேஜ் காட்டாதவை மூன்று

இனி, எந்தக் கவரேஜும் காட்டாத மூன்று பிழைகளைக் காண்போம்.

முதலாவது, எல்லையில் இருக்கும் பிழை. தேர்ச்சி பெற 35 மதிப்பெண் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் '35-ஐ விட அதிகமானால் தேர்ச்சி' என்று நிரல் எழுதிவிட்டார். 20, 80 என்ற மதிப்பெண்களால் சோதித்தால் இரண்டு கிளைகளும் தொடப்படுகின்றன, விடைகளும் சரி, கவரேஜ் 100 சதவீதம். ஆனால் சரியாக 35 வாங்கிய மாணவர் தோல்வி அடைந்தவராகிவிடுவார்! எனவே நல்ல சோதனையாளர் 34, 35, 36 என்று எல்லையை ஒட்டிய எண்களையே முதலில் தேடுவார்.

இரண்டாவது, தற்செயலாகச் சரியாகும் விடை. ஓர் எண்ணின் வர்க்கத்தைக் காணும் நிரலில், பெருக்கல் குறிக்குப் பதிலாகக் கூட்டல் குறியைப் போட்டுவிட்டதாகக் கொள்ளுங்கள். 2-ஐக் கொடுத்துச் சோதித்தால் விடை 4. இரண்டும் இரண்டும் பெருக்கினாலும் நான்கு, கூட்டினாலும் நான்கு! வரி இயங்கியது; விடையும் பொருந்தியது; பிழை மட்டும் தப்பிவிட்டது. 3-ஐக் கொடுத்திருந்தால், 9-க்குப் பதில் 6 வந்து குட்டு வெளிப்பட்டிருக்கும். விடையை ஒப்பிட்டே பார்க்காமல் நிரலை ஓட்டிவிட்டு "சோதித்தாயிற்று" என்பவர்களும் உண்டு. அப்போதும் கவரேஜ் 100 என்றுதான் காட்டும். எண்ணிகள் இயங்கியதைத்தான் எண்ணுகின்றன. விடை சரியா என்று அவை பார்ப்பதில்லை.

மூன்றாவது, எழுதாமலே விட்ட பகுதி. 1983-இல் வெளிவந்த 'லோட்டஸ் 1-2-3' என்ற புகழ்பெற்ற கணக்குத்தாள் மென்பொருள், 1900-ஐ லீப் ஆண்டாகவே கொண்டது. அந்தக் கணக்குத்தாள்களோடு பொருந்த வேண்டும் என்பதற்காக, பின்னால் வந்த 'எக்ஸெல்' மென்பொருளும் அதையே பின்பற்றியது. இன்றும் எக்ஸெல் கட்டம் ஒன்றில் 60 என்று எழுதி, அதைத் தேதியாகக் காட்டச் சொன்னால், உலகில் இல்லாத 1900 பிப்ரவரி 29 என்ற தேதியைக் காட்டும்.

'4-ஆல் வகுபட்டால் லீப் ஆண்டு' என்று மட்டும் ஒரு நிரலில் எழுதியிருந்தால், அதில் ஒரே ஒரு நிபந்தனைதான் இருக்கும். 2007, 2008 என்ற இரண்டு சோதனைகளில் ஆணை, கிளை, எம்.சி.டி.சி. ஆகிய எல்லா அளவுகளும் 100 ஆகிவிடும். 1901 முதல் 2099 வரை எந்த ஆண்டைக் கொடுத்தாலும் விடை சரியாகவே வரும். 1900-த்திலும் 2100-லும் தான் தவறும். எழுதப்படாத நிபந்தனைக்கு எண்ணி வைக்க எந்தக் கருவியாலும் முடியாது. நாட்காட்டியின் விதியை அறிந்த மனிதர்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எண்ணை எப்படிப் படிப்பது?

காவல்காரரின் தாளை மீண்டும் நினைத்துப் பாருங்கள். வடக்கு மூலைச் சாவியின் அடையாளம் தாளில் இல்லை என்றால், அவர் அங்கே போகவில்லை என்பது உறுதி. அடையாளம் இருந்தால்? போனார் என்பது மட்டுமே உறுதி. பூட்டை இழுத்துப் பார்த்தாரா, சன்னலைக் கவனித்தாரா என்பது தாளில் பதியாது. சாவிகளைத் திருப்புவதற்காகவே ஓட்டமாக ஓடிவரும் காவல்காரரின் தாளும், ஒவ்வொரு பூட்டையும் சோதித்து வருபவரின் தாளும் ஒன்றுபோலவே இருக்கும்.

கவரேஜும் அப்படித்தான். அது 60 சதவீதம் என்றால், 40 சதவீதத்தை யாரும் தொட்டே பார்க்கவில்லை என்ற உறுதியான செய்தி கிடைக்கிறது. உடனே செயல்பட வேண்டிய செய்தி அது. 100 சதவீதம் என்றால், பிழை இல்லை என்ற செய்தி கிடைக்கவில்லை. சோதனைகளால் பிழை இருப்பதைக் காட்ட முடியுமே தவிர, இல்லாமையை நிறுவ முடியாது என்பதை டச்சு நாட்டுக் கணிப்பொறி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960-களின் இறுதியிலேயே வலியுறுத்தினார்.

ஆகவே "எங்கள் நிரலின் கவரேஜ் 95 சதவீதம்" என்று யாராவது சொன்னால், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எதை எண்ணினீர்கள், ஆணைகளையா, கிளைகளையா? தொடாமல் விட்ட 5 சதவீதம் எவை? தொட்ட இடங்களில் விடையைச் சரிபார்த்தீர்களா? இந்த மூன்றுக்கும் விடை சொல்ல முடியாவிட்டால், அந்த 95 வெறும் எண்தான். உங்கள் பாடப்புத்தகத்துக்கும் இது பொருந்தும். எல்லாப் பக்கங்களையும் புரட்டியாயிற்று என்பது ஒன்று. எல்லாக் கணக்குகளையும் போட்டு விடை சரிபார்த்தாயிற்று என்பது வேறு.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு துணிக்கடையில் கழிவு தருவதற்கான விதி இது: 'வாங்கிய தொகை ரூ. 500 அல்லது அதற்குமேல் இருக்க வேண்டும்; அத்துடன், வாங்குபவர் கடையின் உறுப்பினராகவோ, அன்று திருவிழா நாளாகவோ இருக்க வேண்டும்.' கிளைக் கவரேஜ் 100 சதவீதம் ஆவதற்கு எத்தனை சோதனைகள் வேண்டும்? எம்.சி.டி.சி. அளவு 100 சதவீதம் ஆவதற்கு எத்தனை? அவை யாவை? விடையைப் பார்க்கும் முன் தாளில் எழுதிப் பாருங்கள்.

விடை: கிளைகளுக்கு இரண்டு சோதனைகள் போதும், கழிவு கிடைக்கும் ஒன்று, கிடைக்காத ஒன்று. எம்.சி.டி.சி.க்கு நான்கு: (அ) ரூ. 600, உறுப்பினர், சாதாரண நாள்: கழிவு உண்டு. (ஆ) ரூ. 400, உறுப்பினர், சாதாரண நாள்: இல்லை. (இ) ரூ. 600, உறுப்பினர் அல்லாதவர், சாதாரண நாள்: இல்லை. (ஈ) ரூ. 600, உறுப்பினர் அல்லாதவர், திருவிழா நாள்: உண்டு. அ-வும் ஆ-வும் தொகையின் வலிமையைக் காட்டுகின்றன. அ-வும் இ-யும் உறுப்பினர் என்பதன் வலிமையை. இ-யும் ஈ-யும் திருவிழா நாளின் வலிமையை.

இந்த நான்கோடு நின்றுவிட்டீர்களா? சரியாக ரூ. 500-க்கு வாங்கியவருக்குக் கழிவு கிடைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.